பார்க்காத வீடுகள்

ஆண்டறிக்கை எழுதும் மாதம் வந்தால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் வேலை கூடும். ஊசியக்காவுக்கு மட்டும் பயம் கூடும்.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேசையும் ஃபைல் அலமாரியும். இன்னொன்றில் ஒரு பழைய ஃபிரிட்ஜும், ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று சொல்லும் சின்ன மிஷினும். வேலை பார்ப்பவர்கள் மூன்றே பேர். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இதைத் தொடங்கிய டாக்டரம்மா, மிஷினை ஓட்டும் மிஷின்காரர், வீடு வீடாகப் போகும் ஊசியக்கா. பிள்ளைகளின் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். அவள் தெருமுனையில் திரும்பினாலே வாண்டுகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும்.

ஆற்றங்கரையில் வரிசையாக ஏழு கொட்டகைகள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உலையில் உருக்கிப் பாளமாக வார்க்கிற இடங்கள். காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் நாக்கில் இரும்பை வைத்த மாதிரி ஒரு ருசி தெரியும். அந்தக் கொட்டகைகளைச் சுற்றியுள்ள பதினோரு தெருக்கள்தான் அவர்கள் பார்க்கும் இடம்.

"வீடு அறுநூத்தி நாப்பது. புள்ளைங்க இருநூத்திப் பன்னெண்டு. ரத்தத்துல ஈயம் அஞ்சு புள்ளிக்கு மேல போனது எழுபத்தொண்ணு. அதுல ஆறு மாசத்துல குறைஞ்சது நாப்பத்தி நாலு" என்று ஊசியக்கா வாசித்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார். "குறைஞ்சதுன்னா எவ்வளவு குறைஞ்சது? ஒரு புள்ளி இறங்கினதையும் குறைஞ்சதுன்னு போட்டா, நமக்கும் சிவப்பழகு கிரீம் விக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுக்கு மேல இறங்கினதை மட்டும் எண்ணு."

ஊசியக்கா எண்ணினாள். நாற்பத்து நான்கு முப்பத்தொன்றாயிற்று. மிஷின்காரர் உச்சுக்கொட்டினார்.

"முப்பத்தொண்ணுன்னே போடு. முப்பத்தொண்ணு புள்ளைங்கன்னா சும்மாவா?" என்ற டாக்டரம்மா, போன வருட அறிக்கையை எடுத்துப் புரட்டினார். "இந்த வருஷம் அட்டையில ஒரு நல்ல படம் போடணும். போன தடவை கொட்டகைப் புகையைப் போட்டு பார்க்கிறவங்களைப் பயமுறுத்திட்டோம். உன் பாப்பா விரலை நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துடலாமா? 'எங்க வீட்டுப் பிள்ளையைத்தான் முதல்ல பார்த்தோம்'னு எழுதியிருந்தோமே, அதுக்கும் பொருத்தமா இருக்கும்."

ஊசியக்கா பேனா மூடியைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்தாள்.

அந்த வரி போன வருட அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 'எங்கள் ஊழியர்களின் வீட்டுக் குழந்தைகளையே முதலில் பரிசோதித்தோம். எவருக்கும் அளவு கூடுதலாக இல்லை.' மிஷின்காரரின் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்தது உண்மை. அவள் மகளைப் பார்க்கவில்லை. "வீட்டிலேயே எடுத்து மிஷின்ல போட்டுப் பார்த்துட்டேன் டாக்டரம்மா, மூணுதான்" என்று சொல்லிவிட்டாள்.

பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. 'அம்மா', 'தா', 'வேணாம்' என்ற மூன்று சொற்களிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஊசியக்கா இதையெல்லாம் மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் தன் வீடு கொட்டகையிலிருந்து நான்கு மைல் தள்ளி இருக்கிறது; பெயிண்ட் பழையதில்லை; தண்ணீர் சுத்தம்; கணவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இங்கே எப்படி வரும்? சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும். இப்படித் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினாள். பயப்படாதீங்க, தெரிஞ்சாத்தான் சரிபண்ண முடியும் என்று இருநூறு தாய்மார்களிடம் சொன்ன வாய் அது.

மறுநாள் காலை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வேறு வழியிருக்கவில்லை. மஞ்சள் கவுன் போட்டு, தலைவாரி, இரட்டை ஜடை பின்னியிருந்தாள். டாக்டரம்மா கேமராவைத் துடைத்தார். விரலில் தூசி ஒட்டியிருந்தால் மிஷின் தப்பாகக் காட்டும் என்பதால் ஊசியக்கா மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை சோப்பை எடுத்தபோது மிஷின்காரர், "தோல் உரிஞ்சிடும்மா" என்றார்.

ஊசி குத்தியபோது பாப்பா அழவில்லை. விரலில் மொட்டுவிட்ட சிவப்பைக் குனிந்து பார்த்தாள். படம் நன்றாக வந்தது. ரத்தம் வீணாக வேண்டாம் என்று மிஷின்காரர் அதை மிஷினுக்குள் செலுத்தினார். மூன்று நிமிடம் ஆகும். நூற்றெண்பதிலிருந்து எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கீழே கடையில் யாரோ டயரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தெட்டு.

மிஷின்காரர் மிஷினைத் தட்டிப் பார்த்தார். "கை அழுக்கா இருந்திருக்கும்" என்றார். மூன்று தடவை கழுவிய கை என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொரு விரல். முப்பத்தாறு.

டாக்டரம்மா கேமராவை மெல்ல மேசைமேல் வைத்தார். "போன வருஷம் மூணுன்னியே. ஒரே வருஷத்துல மூணுலேர்ந்து முப்பத்தாறா? எப்படிம்மா?"

ஊசியக்கா மகளின் விரலில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "பார்க்கல டாக்டரம்மா."

"என்ன?"

"போன வருஷம் பார்க்கல. பயமா இருந்துச்சு. பார்த்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா எழுந்து ஜன்னலருகே போனார். திட்டியிருந்தால் ஊசியக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. "ஒரு வருஷம்" என்றார். "ஒரு வருஷத்தை விட்டுட்டோமே. சரி, கையில நரம்பைப் பார்த்து ரத்தம் எடு. இல்ல, நீ எடுக்காதே. நானே எடுக்கிறேன்."

பெரிய பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த முடிவு முப்பத்து நான்கு. நாற்பத்தைந்தைத் தாண்டினால்தான் மருந்து ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம் என்று டாக்டரம்மா சொன்னார். முட்டை, பால், கீரை, இரும்புச்சத்து மருந்து எல்லாம் அதற்கப்புறம்.

"எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடி. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அன்று பகல் இரண்டு மணிக்கு ஊசியக்கா தன் வீட்டுக்குள் பரிசோதிக்க வந்தவளாக நுழைந்தாள். தோளில் அதே பை, கையில் அதே படிவம். கூடவே மிஷின்காரர். வீடு என்பது ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் துவைகல். ஈயம் பட்டால் சிவக்கும், இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும் குச்சிகளை அவர் ஒவ்வொன்றாக உடைத்து ஈரமாக்கித் தர, அவள் தேய்த்தாள். ஜன்னல் கட்டை: மஞ்சள். தண்ணீர்க் குழாய்: மஞ்சள். சோற்றுப் பானை, பாப்பாவின் தட்டு, பிளாஸ்டிக் யானை, சுவர், தரை எல்லாம் மஞ்சள்.

"உன் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா. பரிசோதனைக்கூடத்துல மாத்திக் கீத்திக் கொடுத்துட்டானா?" என்றார் மிஷின்காரர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளும் ஒரு நிமிடம் நம்பினாள். நம்பிக்கொண்டே கொடியில் தொங்கிய துண்டைத் தேய்த்தாள்.

குச்சியின் நுனி ரோஜா நிறமாயிற்று.

அது கணவனின் துண்டு. அவள் படுக்கையை விரித்தாள். அவனுடைய தலையணையின் ஓரம் சிவந்தது. நடுப்பகுதி இன்னும் சிவந்தது. பாப்பா தினமும் அப்பாவின் மார்பில் கவிழ்ந்து, அவன் தாடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். வேறெங்கும் தூக்கம் வராது அவளுக்கு.

"மாப்பிள்ளை வேன்ல பேட்டரி கீட்டரி ஏத்துறாரா?" என்று மிஷின்காரர் மெதுவாகக் கேட்டார்.

சனிக்கிழமைதோறும் கம்பெனியில் கொடுத்ததென்று அவன் ஒரு ரொட்டி கொண்டுவருவான். போன வாரத்து ரொட்டி உறை அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மூலையில், அவர்கள் தெருமுனைக் கடைக்காரன் ஒட்டும் பச்சை விலைச்சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மிஷின்காரர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தான். தரையில் வரிசையாகக் குச்சிகள். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. நடுவில் மனைவி. அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை நாளாங்க?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா!"

"வேனை வித்துட்டாங்க. எட்டு இடத்துல கேட்டேன். கொட்டகையில அன்னிக்கே வரச் சொன்னாங்க. வீட்டுல கூட வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் சேர்த்தாங்க. அதிலும் உன் வேலை என்னன்னு மேஸ்திரிக்குத் தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? விட்டுட்டு வாங்கன்னுதான். அப்புறம் சோத்துக்கு?" அவன் குரல் உடைந்தது. "நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன். தினமும் அங்கேயே குளிச்சி, உடுப்பு மாத்தி, சோப்பு போட்டு... ஒரு நாள் கூட அந்தச் சட்டையோட வந்ததில்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"அங்க ஒரே தொட்டித் தண்ணி. எல்லாரும் அதுலதானே கழுவுறீங்க? தலைமுடி, தாடி, நகக்கண்ணு, செருப்பு? ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கவெச்சுக் கூட்டிட்டுப் போறீங்களே, அவ அந்தக் கைப்பிடியைக் கடிச்சிக்கிட்டே வர்றா!"

"எவ்வளவு இருக்கு அவளுக்கு?"

சொன்னாள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். மணிக்கட்டு தூக்கிய இடத்தில் நிற்கவில்லை. வாடிய தண்டுபோல மடிந்து தொங்கியது. இரண்டு மாதமாகத் தம்ளரைக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். வாயுத்தொல்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வான். ரொட்டிக் கூடை தூக்கித் தூக்கிச் சுளுக்கு என்பான். அவளும் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். அதே மணிக்கட்டைத்தான் இத்தனை நாள் பிடித்துப் பிடித்துத் தேய்த்திருக்கிறாள்.

கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்குத் தெரியவில்லை. "எழுந்திருங்க" என்றாள். "இப்பவே கிளம்புங்க."

மிஷினில் அவன் ரத்தத்துக்கு எண் வரவில்லை. அறுபத்தைந்துக்கு மேலே போனால் அது எண்ணைக் காட்டாது. 'அதிகம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை மூன்று பேரும் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா அப்போதே தன் காரில் அவனை ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே பத்தொன்பது நாட்கள். ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. தலையையும் தாடியையும் மழித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிவந்தபோது அவளுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "வேணாம், வேணாம்" என்று கத்தினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆறாம் நாள் மேஸ்திரி ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்தான். "உடம்பைப் பார்த்துக்கப்பா. சின்னப் புள்ளை இருக்கு. தங்கச்சி வேற தனியா தெருத்தெருவா அலையுது. காலம் கெட்டுக் கிடக்கு, பாரு" என்று சொல்லி, உரித்த சுளைகளைத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போனான். அவன் போனபின் அந்தச் சுளைகளை யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து ஊசியக்கா பேருந்தில் பின்வரிசையில், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரத் தொடங்கினாள்.

அந்த வாரத்திலேயே ஒரு பிற்பகல் கணவன் கேட்டான்: "உங்க அறிக்கையில நாங்கல்லாம் இருக்கோமா?"

"யாரு?"

"கொட்டகையில வேலை பார்க்கிறவங்க வீடு. ஒருத்தனும் ஆத்தங்கரையில குடியிருக்கலையே. புகை ஆகாதுன்னு எல்லாரும் தூரமாத்தான் வீடு பிடிச்சிருக்கான். என்னை மாதிரி." மேலே சொட்டும் மருந்தைப் பார்த்தான். "எங்க கொட்டகையில மட்டும் பதினாறு பேர். பதினோரு பேருக்குச் சின்னப் புள்ளைங்க."

அறுநூற்று நாற்பது வீடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். கொட்டகையைச் சுற்றிச் சுற்றியே வந்திருக்கிறார்கள். மாலையில் அந்தக் கொட்டகையிலிருந்து ஸ்கூட்டரிலும் பேருந்திலும் ஏறி, குளித்த தலையோடு ஊரெங்கும் பிரிந்துபோகிறவர்களைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

"பேர் சொல்லுங்க. வீடு எங்கேன்னு சொல்லுங்க."

"சொன்னா மேஸ்திரி விடமாட்டான்."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே சொல்லத் தொடங்கினான். விரல்கள் பேனாவைப் பிடிக்காது என்பதால் அவளே எழுதிக்கொண்டாள். ஒவ்வொருவரையும் அவன் பட்டப்பெயரால்தான் அறிந்திருந்தான். நெட்டை, தண்ணித் தொட்டிக்குப் பின்சந்து. பாட்டுக்காரன், ரயில்வே கேட் தாண்டி மாடிவீடு. ஊமையன், ஆனால் வாயாடி, பெட்ரோல் பங்குக்கு எதிர்ச்சந்து. பதினோரு பேர்.

அறிக்கை அந்த வருடம் ஒரு மாதம் தாமதமாக வந்தது. அட்டையில் படம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் டாக்டரம்மா தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்: 'சென்ற ஆண்டு எங்கள் ஊழியர்களின் குழந்தைகள் அனைவரையும் பரிசோதித்ததாக எழுதியிருந்தோம். அது உண்மையல்ல. ஒரு குழந்தையைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவு இப்போது முப்பத்து நான்கு. கொட்டகைகளைச் சுற்றிப் பார்த்த நாங்கள், அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளையும் பார்க்கவில்லை.' அச்சுக்குப் போகுமுன் ஊசியக்காவிடம் வாசித்துக் காட்டினார்.

"என்னை வேலையைவிட்டு அனுப்பிடுங்க டாக்டரம்மா."

"அனுப்பிட்டு? அந்தப் பதினோரு வீட்டுக்கும் நானா மாடிப்படி ஏறுவேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு?" என்றார் டாக்டரம்மா. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நீ எழுதுற ஒவ்வொரு எண்ணையும் இனிமே நான் சரிபார்த்துக்கிட்டேதான் இருப்பேன். அதையும் தெரிஞ்சுக்க."

மூன்று மாதம் கழித்துப் பாப்பாவுக்கு மறுபடி பார்த்தபோது இருபத்தொன்று. இறங்கியிருந்தது. ரெண்டுக்கு மேலேயே இறங்கியிருந்தது. "பேச்சு வருமா?" என்று ஊசியக்கா கேட்டாள்.

"தெரியாதும்மா. வரலாம். எவ்வளவு வரும், எது போனது திரும்பாது, யாராலும் சொல்ல முடியாது. உன்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்."

மேஸ்திரிக்குப் பயந்து அதுவரை தள்ளிப்போட்டிருந்தவள், அன்று மாலையே முதல் வீட்டுக்குப் போனாள். ரயில்வே கேட் தாண்டி, பாட்டுக்காரன் என்று எழுதியிருந்த மாடிவீடு. கேட் மூடியிருந்ததால் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் திறந்ததும் அது அவளைத் தாண்டி எங்கோ போய்விட்டது. படியேறும்போது மட்டும் ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் மாவு. வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விளையாடாமல், சும்மா இருந்தது.

"புள்ளைங்க உடம்பைப் பத்தி ஒரு கணக்கெடுப்பும்மா. வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

"பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன்க்கா" என்றாள் அவள் பெருமையாக. "ரொம்பத் தூரம். ஆனா நல்ல வேலை. உள்ளே வாங்க, உக்காருங்க. அவர் வர்ற நேரம்தான். டீ போடட்டுமா?"

ஊசியக்கா உட்கார்ந்தாள். பையைத் திறக்கவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னிடம் யாராவது ஒரு வருடத்துக்கு முன்னால் இப்படி வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். கதவைச் சாத்தியிருப்பேன் என்றுதான் தோன்றியது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ சன்னமாக எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஏறிவந்தார்கள். சுவரோரம் இருந்த குழந்தை முதல் தடவையாக முகம் மலர்ந்து எழுந்தது. வாசலில் ஒருவன் வந்து நின்றான். ஈரத்தலை, துவைத்த சட்டை. ஊசியக்காவையும் அவள் மடியிலிருந்த பையையும் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது.

குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அப்பாவை நோக்கி ஓடியது.

"நில்லு!" என்று ஊசியக்கா எழுந்து கத்துவதற்குள், அவனே தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கிவிட்டான்.

மாவுக் கையோடு நின்ற அவன் மனைவி கணவனைப் பார்த்தாள். ஊசியக்காவைப் பார்த்தாள். நடுவாசலில் கையை நீட்டியபடியே நின்ற குழந்தையைப் பார்த்தாள்.

"என்னங்க?" என்றாள். "ஏன் அவளைத் தூக்காம பின்னால போறீங்க?"